பானுவின் சைக்கிள் சீட்டு

பானு,

போனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீ என்னைப் பேச விடுவதில்லை. குழந்தை அழுகிறது, குக்கர் கூவுகிறது, ரத்த டெஸ்ட் லேப்பிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். எல்லாம் உண்மைதான், நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்து விஷயத்துக்கு வருவதற்குள், "சரிம்மா, ஞாயித்துக்கெழம கார் எடுத்துகினு வர்றோம், நீ துணிய மட்டும் எடுத்து வெச்சிக்க" என்று நீயே முடித்து வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ படித்தது எல்லாம் தெலுங்கு மீடியம். திருத்தணிப் பக்கத்திலிருந்து இங்கே சித்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நான் விரலைப் பிடித்து எழுத வைத்ததால் உனக்குத் தமிழ் தெரியும், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் குறுக்கே பேச முடியாது.

இப்போது வெள்ளிக்கிழமை காலை நேரம். உன் பழைய சைக்கிள் வாசலில் நிற்கிறது. சீட்டைத் தாங்குகிற பைப்பு பிரேமுக்குள் இறங்குகிற இடத்தில் டீசல் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மண்ணெண்ணெய்தான் இதற்கு நல்லது என்றார்கள், அது இப்போது எங்கே கிடைக்கிறது? பக்கத்து வீட்டு சரோஜம்மாவின் மகன் டிராக்டரிலிருந்து ஒரு தம்ளர் டீசல் பிடித்துக் கொடுத்தான். ஊறட்டும் என்று காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க வருமா? இந்த ஒரு பத்தி எழுதுவதற்குள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சீட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டேன். அசைவேனா என்கிறது. தாளில் எண்ணெய்க் கறை இருந்தால், எழுத்து திடீரென்று கோணலாகப் போனால், அம்மா மறுபடி எழுந்து போய்விட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

இப்போது எதற்கு இந்தச் சைக்கிள் என்று கேட்பாய். சித்தூருக்கு என் முழங்காலைக் காட்டக் கூட்டிப்போனாயே, அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நடக்கறத கொறச்சிக்கோங்கமா. சைக்கிள் இருந்தா மிதிங்க, முட்டிக்கு நல்லது." நீ உடனே சிரித்தாய். "எங்கம்மாவா? சைக்கிளா?" என்றாய். டாக்டரும் சிரித்தார். உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. நம் நிலம் ஏரிக்கரையைத் தாண்டி இருக்கிறது. போய்விட்டு வந்தால் முழங்கால் பன் மாதிரி வீங்கிவிடுகிறது. அதைத்தானே நீ பிடித்துக்கொண்டாய். "நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு இங்க வந்துடும்மா, இந்தக் கால வெச்சிக்கினு எத்தினி நாளு நடப்ப?" என்று கேட்டாய். வலி உண்மை, அதை எப்படி இல்லை என்பது? ஆனால் சைக்கிள் ஓட்டினால் அந்தக் காரணம் போய்விடும். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை நீ லேப்புக்குப் போக வேண்டும், அதற்கு முந்தின நாள் கார் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தச் சீட்டு ஒரு சாண் இறங்கினால் நான் இங்கே இருக்கலாம், இறங்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு காரில் ஏற வேண்டும். எனக்கு நானே இப்படி ஒரு பந்தயம் கட்டி வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சைக்கிளை உனக்குக் கொடுத்தபோது சீட்டு அடியோடு இறங்கித்தான் இருந்தது. நீ உன் நைனா ஜாடை. ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்துகொண்டே போனாய். பத்தாவது முடித்துப் புத்தலப்பட்டுக்கு இன்டர் படிக்கப் போகும்போது, இதற்கு மேல் ஏறாது என்கிற அளவுக்குச் சீட்டை ஏற்றி, போல்ட்டை முறுக்கிக் கொடுத்தார் உன் நைனா. அதோடு சரி. நீ திருப்பதிக்குப் படிக்கப் போனாய், வேலைக்குச் சேர்ந்தாய், கல்யாணம் நடந்தது, நைனா போய்ச் சேர்ந்தார். சீட்டு மட்டும் உன் உயரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. நானோ உன் தோளுக்குக்கூட வரமாட்டேன்.

பயப்படாதே, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். சின்ன வயசில் எங்கள் ஊரில் ஓட்டியிருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. நீ கேட்டதுமில்லை. போன வாரம் துணி துவைக்கிற கல்லை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, கல் மேல் ஏறி நின்று, புடவையைச் செருகிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். கல்லை ஒரு உதை உதைத்தேன், போயேவிட்டேன். பானு, என்ன சொல்வது, தெரு முனை வரைக்கும் எனக்கு வயசே இல்லை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தபோதுதான் கால் தரைக்கு எட்டாது என்பது ஞாபகம் வந்தது. நேராகப் போய்ச் சரோஜம்மாவின் வைக்கோல் போரில் விழுந்தேன். அவள் ஓடி வந்து, "ஏமய்யிந்தி அக்கா, யாராச்சும் தள்ளிட்டாங்களா?" என்கிறாள். நானாகத்தான் விழுந்தேன் என்றதை அவள் இன்னும் நம்பவில்லை. ஒன்றும் அடிபடவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அதுவும் ஆறிவிட்டது.

அதற்கப்புறம்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புத்தலப்பட்டு கூட்டு ரோட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் கட்டையை வைத்துச் சுத்தியால் அடித்தார். நாலு அடி பலமாக அடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, இதி ராதும்மா. துரு புடிச்சி உள்ளயே ஒண்ணா பூட்டுது. எடைக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோ." பைப்பை அறுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். மேல் முனை ஒல்லியாக இருந்தால்தான் சீட்டு மாட்டும், அறுத்தால் சீட்டு உட்காராது என்றார். இன்னொரு தடவை அடித்துப் பாருங்களேன் என்றேன். பேருந்துக்கு நின்றிருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். ஒரு பழைய சைக்கிளுக்கு இந்தப் பொம்பளை ஏன் இப்படி அல்லாடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு என் பந்தயம் தெரியாது. போன வேகத்திலேயே தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இரு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அசையவில்லை. இன்னும் கொஞ்சம் டீசல் விட்டிருக்கிறேன்.

உன் திருப்பதி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் உன்னையும் குழந்தையையும் கொண்டுபோய் விடப் போனவள் அங்கேயே கொஞ்ச நாள் தங்கினேனே, அப்போது நீ என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினாய். மாப்பிள்ளையும் மரியாதையானவர். "அத்தே, துன்னீங்களா?" என்று கேட்காமல் தட்டில் கை வைக்க மாட்டார். சாப்பிட்டுவிட்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெங்களூர் கம்பெனி வேலையைக் கம்ப்யூட்டரில் பார்ப்பார். நீ குளித்துவிட்டுப் படுப்பாய். குழந்தையும் தூங்கும். அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை? துவைத்த துணியை மடிப்பேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பேன். பால்கனியில் நின்றால் எதிர் வீட்டு பால்கனி. கீழே இறங்கிப் போகலாம் என்றால் கேட்டில் வாட்ச்மேன், "எக்கடிக்கம்மா?" என்று கேட்பான். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வது? சும்மாதான் என்று சொல்லிவிட்டு, லிப்ட்டில் ஏறத் தெரியாமல் படியேறி மேலே வந்துவிடுவேன். என் வயசில் பாதிப் பேர் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே அங்கே காலத்தைக் கழித்துவிடுவார்கள். எனக்குப் பெருமாள் மேல் பக்தி உண்டு, ஆனால் நாள் முழுக்கப் போதாது.

ஒருநாள் நீ போனில் யாரிடமோ, "எங்கம்மா கீறாங்க, அவங்களுக்கு ஊர்ல ஒண்ணும் வேல இல்ல" என்று சொன்னாய். தப்பாகச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நிம்மதியில் சொன்னாய். நான் சமையலறையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன், நம் நிலத்துக் கடலைக்காய். அதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன் நைனா வம்சத்தில் அடுத்தவன் காட்டில் களையெடுத்தவர்கள்தான் எல்லோரும். சொந்த மண்ணில் முதன்முதலில் விதை போட்டது நாம். அந்த மண்ணைக் கல் பொறுக்கி, கட்டி உடைத்து, கடலைக்காய் காய்க்கிற மண்ணாக ஆக்கினோம். நைனா போன பிறகு தண்ணீர் பாய்ச்சுவது முதல் ஆள் பிடிப்பது வரை நானாகத்தான் செய்கிறேன். இது வேலை இல்லையென்றால் எது வேலை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். குழந்தை முழித்துக்கொண்டது, எழுந்து போய்விட்டேன்.

மத்தியானம் ஆகிறது. சாப்பாடு வைத்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. உன் முனிரத்தினம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவன் ரோட்டோரத்து வெல்டிங் பட்டறையில்தானே வேலை செய்கிறான். "அண்ணி, எத்தினி வாட்டி சொல்றது, இந்தச் சைக்கிள வெச்சிக்கினு ஏன் இப்டி பாடு படற? பானு கார்ல வந்துகினு கீது, நீ என்னான்னா..." என்று ஆரம்பித்தான். வருகிறாயா, நானே தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். நான் தள்ளிக்கொண்டு நடந்து வந்தால் ஊரே அவனைத்தான் கேட்கும். வாய்க்குள் முனகிக்கொண்டே சரக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். நானும் அதிலேயே ஏறிக்கொண்டு போகிறேன். மீதி நாளைக்கு.

சனிக்கிழமை காலை. நேற்று நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பட்டறையில் முனிரத்தினம் முதலில் சீட்டைக் கழற்றி எடுத்தான். மொட்டையாக நின்ற பைப்பைப் பெரிய ரிஞ்சால் கவ்வித் திருப்பினான். ரிஞ்சு வழுக்கி வழுக்கிப் பைப்பின் மேல் கீறல்தான் விழுந்தது. கேஸைப் பற்ற வைத்துப் பிரேமைச் சூடாக்கலாம் என்றான். நான் விடவில்லை. அந்த நீலப் பெயின்ட் பொரிந்து போய்விடும், இன்னும் அதில் நீ ஒட்டின மயில் ஸ்டிக்கர் இருக்கிறது. அவன் சலித்துக்கொண்டு, "அப்ப உட்டுடு அண்ணி, இரும்பு இரும்பாவே இருக்கட்டும்" என்று டீ குடிக்கப் போய்விட்டான். நான் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன். மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று பொருத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஜமுக்காளம் பிழிகிறது ஞாபகம் வந்தது. நீயும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பிழிவோமே, ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் இன்னொருத்தி முறுக்க வேண்டும். இங்கே பைப்பைப் பிடித்து முறுக்கப் பிடி கிடைக்கவில்லை. ஆனால் சைக்கிளில் பிடிக்க எவ்வளவோ இடம் இருக்கிறதே. பைப்பை வைஸ் பிடித்துக்கொள்ளட்டும், நாம் சைக்கிளையே திருப்பினால் என்ன?

டீ கிளாஸோடு திரும்பி வந்த அவனிடம் இதைச் சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி, பைப்பை வைஸின் வாயில் கொடுத்து முறுக்கினான். சக்கரம் இரண்டும் மேலே பார்த்து நின்றன. அவன் முன்பக்கம் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டான், நான் பின்பக்கம் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். "ம், தள்ளு." தள்ளினோம். ஒன்றுமில்லை. "இன்னொரு வாட்டி." மேஜைதான் ஆடியது. என் முழங்கால் பற்றிக்கொண்டு எரிந்தது. விட்டுவிடலாம் என்று அவன் சொல்ல வாயெடுத்தபோது க்ரீச்சென்று ஒரு சத்தம், பானு. பல் கூசுகிற சத்தம். அசைந்துவிட்டது. நூல் அளவுதான், ஆனால் அசைந்துவிட்டது. நான் கத்திவிட்டேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று சைக்கிளை ஆட்டுக்கல் குழவி மாதிரி சுற்றினோம். கடைசியில் அவன் பிரேமை உயர்த்தியபோது அது பைப்பை விட்டுக் கழன்று வந்தது.

கழன்ற ஓட்டைக்குள்ளிருந்து என்ன கொட்டியது தெரியுமா? துருவும் சேறும் கலந்த மாதிரி ஒரு கறுப்பு. அதற்குள் வெள்ளைக் கட்டி கட்டியாக ஏதோ. முனிரத்தினம் அதை விரலில் எடுத்து மோந்து பார்த்தான். "அண்ணி, இது விபூதி! இன்னா இது, நாரு நாரா கீது... புளியா?" எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தச் சைக்கிளை நான்தானே கழுவுவேன். பூஜை விளக்கைத் தேய்க்கிற மாதிரியே புளியும் உப்பும் போட்டு அந்த வெள்ளிப் பைப்பைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவேன். அப்புறம் பொட்டு வைக்க வேண்டும். சீட்டில் வைத்தால் நாளைக்கு அதன் மேல் உட்காருவாய், பாவம். ஹேண்டிலில் வைத்தால் நிற்காது. அதனால் சீட்டுக்குக் கீழே கழுத்து மாதிரி இருக்கிற அந்த இடத்தில்தான் விபூதியைக் குழைத்துப் பூசி, சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பேன். நீ திருப்பதி ஹாஸ்டலுக்குப் போன பிறகும், அந்தச் சைக்கிளை யாருமே தொடாத வருஷங்களிலும், நீ எங்கேயாவது எதிலாவது ஏறிப் போய்க்கொண்டிருப்பாய் என்று நினைத்து விடாமல் பூசினேன். உப்புத் தண்ணீர் ஒரு பக்கம், விபூதி ஒரு பக்கம். முனிரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "துரு புடிக்கல அண்ணி, நீ பூச பண்ணியே பொதச்சிட்ட!" பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இதில் அம்மா ஏதோ தத்துவம் சொல்லப்போகிறாள் என்று பார்க்காதே. இனிமேல் சைக்கிளை ஈரத்துணியால் துடைத்தால் போதும், அவ்வளவுதான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, பைப்பை உள்ளே விட்டோம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முனிரத்தினம் ஆட்டோ பிடிக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் நான் ரோட்டுக்கு வந்து, மண் பாதையில் திரும்பி, ஏரிக்கரை மேல் ஏறிவிட்டேன். பின்னாலிருந்து அவன் "அண்ணீ, அண்ணீ" என்று கூப்பிட்டது காதில் விழத்தான் விழுந்தது. நிலத்துக்குப் போனேன். இறங்கினேன், நின்றேன், கடலைச் செடியைப் பார்த்தேன். பூ வைத்திருக்கிறது. திரும்பி மிதித்து வீட்டுக்கு வந்தேன். முழங்கால் வலித்தது, பட்டறையில் தள்ளிய வலி. வீக்கம் இல்லை. இன்று காலையிலும் தடவிப் பார்த்தேன், இல்லை.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. காலையிலிருந்து வீட்டுக்குள்ளும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஏனென்றால் இனிமேல் முழங்காலைக் காட்டிப் பேச முடியாது. நீயும் முடியாது, நானும் முடியாது. இத்தனை நாளும் எனக்குள் ஒரு மூலையில், சீட்டு இறங்காமலே இருந்தால் நல்லது, விதி என்று சொல்லிவிட்டு உன்னோடு வந்துவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. இப்போது நான் வருகிறேன், வரவில்லை என்று என் வாயால் சொல்லியாக வேண்டும்.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். உன்னைவிடச் சின்ன வயசில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நம் ஊர் அங்கன்வாடியில் ஆயாம்மா வேலை. மண்டல் ஆபீஸில் கூப்பிட்டுச் சொன்னார்கள், தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆள் வேண்டும் என்று. நான் ஓடி வந்து உன் நைனாவிடம் சொன்னேன். அவர் உன்னைக் காட்டி, "இத்த யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டார். நீ அப்போது தவழ்கிற குழந்தை, ஜுரமும் சளியுமாக இருப்பாய். பெரிய குழந்தைகளுக்கு நடுவில் உன்னை அங்கே கூட்டிப்போக முடியாது. யாரும் இல்லை என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். உன் நைனா அப்போது வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கரும்பு இருக்கிற மாதங்களில்தான் அந்த வேலை. மீதிப் பாதி வருஷம் வீட்டில்தான் இருந்தார், கட்டிலில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, "நீ பாத்துக்கோ" என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை. கெட்ட மனிதர் இல்லை, உன் மேல் உயிரையே வைத்திருந்தார். கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். நேற்று ஏரிக்கரை மேல் மிதித்து வரும்போதுதான் எனக்கு இது முதல் முதலாகத் தோன்றியது. எத்தனை வருஷம் கழித்து!

உனக்காக ஒன்றை விட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை, நீ நன்றாக வந்துவிட்டாய். இப்போது உன் குழந்தைக்காக இரண்டாவது தடவையும் நான்தான் விட வேண்டுமா? நீ வேலையை விடக் கூடாது. அதில் நான் உன் பக்கம். ரத்தம் எடுப்பதில் உன் கை பஞ்சு மாதிரி என்று உன் லேப்புக்கு வருகிறவர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். நீ லேப்புக்குப் போக வேண்டும், நான் காட்டுக்குப் போக வேண்டும். இருவரில் யார் விடுவது என்று நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று நீ, நான், உன் மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாப் பொம்பளைகளையும் கேட்டாகிவிட்டது. அந்த வீட்டிலேயே, காலை முதல் சாயந்திரம் வரை, குழந்தைக்குப் பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாராவது கேட்டோமா? நீ கேட்டாயா? அவருக்கு வேலை இருக்கிறது, தெரியும். உனக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

அதனால் நான் வரவில்லை, பானு. குழந்தை தூங்கி எழுந்ததும் கையை மூடி மூடித் திறப்பானே, அதைப் பார்க்காமல் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. மாசத்தில் சில நாட்கள் நானாகப் பஸ் ஏறி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு அலைவேன், உங்கள் வாட்ச்மேன் என்ன கேட்டாலும் சரி. காய்ச்சல் என்றால் ராத்திரி என்று பார்க்க மாட்டேன், வந்து நிற்பேன். ஆனால் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வரமாட்டேன். நாளைக்குக் கார் எடுத்து வர வேண்டாம். இதை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் சைக்கிளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தப்பு என் மேல்தான்.

சரோஜம்மா மகன் இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்புவான். படித்ததும் எனக்குப் போன் செய்து கத்த வேண்டும் என்று தோன்றும். கத்திக்கொள். அழுகையும் வரும், அழாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த முன்னறைக் கதவைத் தட்டு. அவனை அவர் மடியில் வை. "திங்கக்கெழம நான் வேலைக்கி போறேன், எங்கம்மா வரல, இன்னா பண்லாம்?" என்று கேள். கேட்ட உடனே அவருக்குப் பதிலாக நீயே பேசிவிடாதே. அது நம் இரண்டு பேருக்கும் உள்ள பழக்கம். அவர் வாயைத் திறக்கிற வரைக்கும், எவ்வளவு நேரமானாலும், அங்கேயே சும்மா நில்.

அம்மா